அறைதான் மூன்றாவது ஸ்பீக்கர்

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. ஒரு டிவி இருக்கலாம், வெறும் சுவர் இருக்கலாம். ஆனாலும் சரியாக அமைத்த ஸ்டீரியோவின் எதிரே உட்கார்ந்தால், கச்சேரி செய்பவர் அந்த வெற்றிடத்தில் அமர்ந்து பாடுகிறார். அவருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று கை நீட்டிக் காட்டிவிடலாம். வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்திருப்பவர்களிலும் பலர் இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது எனக்கு உண்மையான வருத்தம், ஏனென்றால் இதற்கு மேலும் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

ஒரு ஸ்பீக்கர் ஷோகேஸ் தட்டில் பொம்மைகளுக்கு நடுவே நிற்கும், மற்றது ஜன்னல் திண்டில். கேட்பவர் உட்காருவது சுவரோடு ஒட்டிப் போட்ட சோபாவில். இப்படி வைத்துவிட்டு, சத்தம் மனசுக்கு ஒட்டவில்லை என்று அடுத்த விலைக்குத் தாவுகிறோம். புதிய பெட்டியும் அதே ஷோகேஸில் ஏறுகிறது. ஸ்பீக்கரை இரண்டடி நகர்த்துவதால் வரும் மாற்றம், பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வரும் மாற்றத்தைவிடப் பெரியது என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பின்னால் இருப்பது ரசனை மட்டுமில்லை, இயற்பியலும்தான்.

ஸ்டீரியோவின் மூலக் கருத்தை எழுதி வைத்தவர் ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை செய்தவர். சினிமாக் கொட்டகையில் நடிகர் திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க, குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருவது அவரை உறுத்தியது என்று சொல்வார்கள். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1934 ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட்டின் ‘ஜூபிடர்’ சிம்பொனியை இரண்டு தடங்களில் பதிவு செய்து பார்த்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளில் பரவலாக வந்தது 1958இல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1942இல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார்.

அவர் கண்டுகொண்ட விஷயம் இன்றும் பிரமிக்க வைப்பது. இடப்பக்கமிருந்து வரும் ஒலி இடது காதை முதலில் தொடுகிறது. தலையைச் சுற்றி வலது காதை அடைய அதற்குச் சற்றுத் தாமதமாகிறது. அந்தத் தாமதம் மிக அதிகம் போனால் சுமார் 0.7 மில்லி வினாடி. தாழ்ந்த சுருதிகளுக்கு இந்த நேர வித்தியாசத்தையும், உயர்ந்த சுருதிகளுக்குத் தலை மறைப்பதால் ஏற்படும் ஓசை வித்தியாசத்தையும் வைத்து மூளை திசையை அறிகிறது என்று இயற்பியலாளர் ரேலி பிரபு 1907இல் விளக்கியிருந்தார். ப்ளம்லைன் இதிலிருந்து ஒரு படி மேலே போனார். ஒரு குரலை இடது ஸ்பீக்கரில் சற்று ஓங்கியும் வலதில் சற்றுத் தணித்தும் ஒலிக்க விட்டால் போதும் என்றார். நேரத்தை மாற்றவே வேண்டாம். ஏனென்றால் இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலியும் இரண்டு காதுகளுக்கும் போகிறது. எதிர்ப்பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி சுமார் கால் மில்லி வினாடி பிந்தி வந்து சேர்கிறது. இரண்டு அலைகளும் காதருகே கலக்கும்போது, எது ஓங்கியிருக்கிறதோ அதன் பக்கமாகக் கூட்டு அலை நகர்ந்துவிடுகிறது. ஓசையில் இருந்த வித்தியாசம் காதில் நேர வித்தியாசமாக உருமாறுகிறது. இல்லாத இடத்தில் ஒரு பாடகர் உட்காருவது இப்படித்தான்.

இது நடக்க வேண்டுமானால் இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒலி ஒரே நேரத்தில் உங்களிடம் வந்து சேர வேண்டும். மூவரும், அதாவது இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும், ஒரு சமபக்க முக்கோணத்தின் மூலைகளில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால், ஒரு ஸ்பீக்கருக்கும் மற்றதற்கும் உள்ள தூர வித்தியாசம் ஏறக்குறைய ஓரடி ஆகிவிடும். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. ஓரடி கடக்க 0.87 மில்லி வினாடி. காதுக்கு இது மிகப் பெரிய இடைவெளி. முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை நம்பிவிடும். பாடகர் எழுந்து பக்கத்து ஸ்பீக்கருக்குள் போய்விடுவார்.

ஆகவே கண்திட்டம் போதாது, டேப் எடுத்து அளக்க வேண்டும். நம் வீடுகளில் அடிக்கடி காணும் பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்ளலாம். பத்தடிச் சுவரின் முன்னால், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஸ்பீக்கர்களை நிறுத்துங்கள். பக்கச் சுவர்களிலிருந்தும் இரண்டடி விட்டால் இரண்டுக்கும் நடுவே ஆறடி கிடைக்கும். அப்படியானால் உங்கள் நாற்காலி, ஸ்பீக்கர் வரிசையிலிருந்து ஐந்தடிக்குச் சற்று மேல் தள்ளி இருக்க வேண்டும். அது அறையின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் வரும். எந்நேரமும் அங்கே நாற்காலி கிடந்தால் வீட்டில் யாரும் நடமாட முடியாது என்பது உண்மைதான். பாட்டுக் கேட்கும்போது இழுத்துப் போட்டுக்கொண்டு, பிறகு எடுத்து வைத்துவிடலாம். தரையில் சின்னதாக ஒரு குறி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம்.

உயரமும் முக்கியம். உயர் சுருதிகளை ஒலிக்கும் ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் அது தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. தாழ்ந்த சுருதிகளை ஒலிக்கும் ஊஃபரும் ட்வீட்டரும் பொறுப்பை மாற்றிக்கொள்ளும் 2,500 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலியின் அலைநீளம் 14 செ.மீ. மட்டுமே. காது மேலேயோ கீழேயோ போனால், இரண்டிலிருந்தும் வரும் அலைகளுக்கு இடையே அரை அலைநீளம், அதாவது 7 செ.மீ. வித்தியாசம் எளிதாக வந்துவிடும். அந்தச் சுருதியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரலின் தெளிவு இருக்கும் பகுதியே அதுதான். பரண் மேல் வைத்த ஸ்பீக்கரில் பாடகர் வாயில் துணி கட்டிக்கொண்டு பாடுவதுபோல் இருப்பதற்கும், நிற்க வேண்டிய பெட்டியைப் படுக்கப் போட்டால் குரல் கெடுவதற்கும் இதுவே காரணம். ஸ்டாண்டு இல்லையென்றால் கனமான மர ஸ்டூல் போதும், ஆடக் கூடாது.

இனி அறைக்கு வருவோம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஃபாக் அருங்காட்சியகத்தில் ஒரு விரிவுரை அரங்கு கட்டியது. அதில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்குவதற்குள் பல சொற்கள் அதன் மேல் வந்து விழுந்தன. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து, எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டி அடுக்கி, ஆர்கன் குழாயின் ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அறையின் கன அளவையும் ஒலியை உறிஞ்சும் பரப்பையும் வைத்து எதிரொலி நேரத்தைக் கணக்கிடும் சூத்திரம் அங்கே பிறந்தது. உறிஞ்சும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராதல்லவா?

அந்தச் சூத்திரத்தை நம் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் போட்டுப் பார்த்தால் திடுக்கென்றிருக்கும். சிமெண்ட் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, இவை மூன்றும் தம் மேல் விழும் ஒலியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கைத் திருப்பி அனுப்புபவை. சாமான் இல்லாத அறையில் ஒலி அடங்க இரண்டு மூன்று வினாடி ஆகும். பாட்டுக் கேட்க அரை வினாடிக்கு மேல் கூடாது. மேலை நாட்டு வழிகாட்டிகள் ஜிப்சம் பலகைச் சுவரும் கம்பளத் தரையும் உள்ள வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை நம் வீட்டில் அப்படியே பின்பற்றினால் பாதிப் பிரச்சினை அப்படியே நிற்கும்.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ‘டிர்ர்’ என்று உலோகம் அதிர்வதுபோல் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியை மாறி மாறித் திருப்பி அடிக்கின்றன. தரையில் கனமான ஜமுக்காளமோ கம்பளமோ விரியுங்கள். ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரை போடுங்கள். புத்தகம் நிறைந்த அலமாரி அருமையானது. உறிஞ்சவும் செய்யும், மிஞ்சியதைப் பல திசைகளில் சிதறவும் விடும். இலவம்பஞ்சு மெத்தை வீட்டில் சும்மா கிடந்தால், சுருட்டி மூலையில் நிறுத்துங்கள். சபைன் தூக்கிச் சுமந்ததும் மெத்தையைத்தான். முட்டை அட்டையும் தெர்மாகோலும் வேண்டாம். சுவர் முழுக்க ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தெர்மாகோலின் குமிழ்கள் மூடியவை, காற்று உள்ளே போய்வர வழி இல்லை. முட்டை அட்டை மெல்லியது. இரண்டும் ஒலியை உறிஞ்சுவதில் பலவீனமானவை, தீப்பிடிப்பதில் மட்டும் வேகமானவை.

பக்கச் சுவர்களை முழுக்க மூடிவிட வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. நான் அதில் இல்லை. 30 மில்லி வினாடிக்குள் வந்து சேரும் எதிரொலியைக் காது தனியாகக் கேட்பதில்லை, முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது என்று ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டினார். கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல ஆண்டுகள் திரைக்குப் பின் ஸ்பீக்கரை மறைத்து வைத்துச் சோதனை செய்த ஃப்ளாய்ட் டூல், நல்ல ஸ்பீக்கராக இருந்தால் பக்கச் சுவரின் பிரதிபலிப்பு இசையை விசாலமாக்கவும் செய்யும் என்கிறார். அறையைப் பஞ்சுப் பொதியாக மாற்றிவிட்டால் பாட்டு செத்துவிடும். கை தட்டினால் ‘டிர்ர்’ கேட்கக் கூடாது, பேசினால் குரல் இயல்பாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

திரையும் கம்பளமும் தீர்க்க முடியாத ஒன்று உண்டு: பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏழு மீட்டர். அரை அங்குலத் துணி அதை என்ன செய்யும்? அறையின் நீளத்தில் அரை அலை சரியாக அடங்கும் சுருதியில், தொட்டித் தண்ணீரை ஒரே தாளத்தில் அலைத்தால் இரு கரைகளிலும் ஏறி இறங்குவதுபோல், காற்று சுவரோரங்களில் அழுந்தித் தளர்கிறது. பன்னிரண்டடிக்கு அந்தச் சுருதி சுமார் 48 ஹெர்ட்ஸ், பத்தடிக்கு 57. நம் வீடுகளில் கூரையும் பத்தடி என்பதால் அகலமும் உயரமும் ஒரே 57 ஹெர்ட்ஸில் கைகோத்துவிடுகின்றன. கட்டும்போது யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்கள். விளைவு, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘தொம் தொம்’.

இந்த அழுத்தம் சுவரில்தான் உச்சம். நம் சோபாவும் அங்கேதான். சோபாவை ஒன்றிரண்டு அடி முன்னால் இழுத்தாலே ‘தொம்’ குறைவது காதுக்குத் தெரியும். நேர் நடுவிலும் வேண்டாம், அங்கே அந்த அரை அலையின் அழுத்தம் சுழியாகி பேஸ் காணாமல் போகும். ஸ்பீக்கரை மூலையில் தள்ளினால் சுவர்களும் தரையும் பேஸை ஏற்றிக் கொடுக்கும். சின்ன ஸ்பீக்கருக்கு அது உதவி, பெரியதற்குத் தொல்லை. முன்னால் இழுத்தாலும் ஒரு கணக்கு இருக்கிறது: பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையை ஏதோ ஒரு சுருதியில் அழிக்கும். ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் உள்ள தூரம் கால் அலைநீளமாக இருக்கும் சுருதி அது. மூன்றடியில் 95 ஹெர்ட்ஸ், ஓரடியில் 286. பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் ஒரே தூரம் இருந்தால் இரண்டு பள்ளங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அதனால் மேலே சொன்ன இரண்டடி, இரண்டடி என்பது தொடக்கம் மட்டுமே. அதில் ஒன்றைச் சில அங்குலம் மாற்றிப் பாருங்கள்.

மாற்றிப் பார்க்க மிருதங்கத்தைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. வலந்தலையில் அப்பியிருக்கும் கரணை அதன் மேற்சுரங்களை முழு எண் விகிதங்களுக்குள் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதனால்தான் அந்த அடிக்குத் தெளிவான சுருதி இருக்கிறது. இங்கே நமக்கு வேண்டியது மறுபக்கத்துத் தொப்பி. அதில் வாசிப்பவர் கும்கி கொடுக்கும்போது சுருதி வழுக்கிக்கொண்டு மேலே போகிறது. நல்ல இடத்தில் அந்த வழுக்கல் ஒரே சீராகக் கேட்கும். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று வீங்கினாலோ மறைந்தாலோ, அந்தச் சுருதியில் அறை குறுக்கிடுகிறது. நாற்காலியை நகர்த்துங்கள், ஸ்பீக்கரை நகர்த்துங்கள், மறுபடி கேளுங்கள். தனி சப்-ஊஃபர் இருந்தால் இன்னும் எளிது. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து ஓட விட்டு, அறையோரமாகத் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். எங்கே பேஸ் சீராக இருக்கிறதோ அங்கே சப்-ஊஃபரை வையுங்கள். ஒலிக்கும் இடமும் கேட்கும் இடமும் இடம் மாறினாலும் வழி ஒன்றே என்பது ஒலியியலின் விதி.

இணைப்பில் ஒரே ஒரு தவறு எல்லாவற்றையும் குலைத்துவிடும்: ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறிப் போவது. அப்போது ஒரு ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு (கோன்) முன்னால் வரும்போது மற்றதினுடையது பின்னால் போகும். பேஸ் கரைந்துவிடும், குரலுக்கு நடு இடம் இருக்காது. 1950, 60களின் தமிழ்த் திரைப்பாடல் ஒன்றைப் பழைய ஒற்றைத்தடப் பதிவிலேயே போடுங்கள். குரல் நேர் நடுவில் ஒரு புள்ளியாக நின்றால் இணைப்பு சரி. தலைக்குள்ளும் சுவரோரத்திலும் அலைந்தால் ஒரு பக்கத்துக் கம்பிகளை மாற்றுங்கள்.

ஒயருக்காகச் செலவழிக்க வேண்டாம். வீட்டு வயரிங்கிற்குப் பயன்படும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்ப, ஓம் கணக்கில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தடை கொடுக்கும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை.

வாட்ஸ் விஷயத்தில் நம் கடைகள் நிறையக் குழப்பியிருக்கின்றன. பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம், ஆர்.எம்.எஸ். எண்ணைத் தேடுங்கள். ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டரில், 87 டெசிபல் என்று குறிப்பிட்ட சாதாரண ஸ்பீக்கர், வாங்கும் மின்சாரத்தில் வெறும் 0.3 சதவீதத்தைத்தான் ஒலியாக்குகிறது. மிச்சமெல்லாம் உள்ளேயிருக்கும் கம்பிச் சுருளில் (காயிலில்) வெப்பம். சத்தம் இரு மடங்காகத் தோன்ற மின்சாரம் பத்து மடங்கு வேண்டும். வீட்டில் நிதானமாகக் கேட்கும்போது ஒன்றிரண்டு வாட்டே ஓடுகிறது. ட்வீட்டரைக் கொல்வது பல சமயம் சின்ன ஆம்ப்ளிஃபையர்தான். அதை முழு வால்யூமில் வைத்தால் அலையின் உச்சிகள் சீவப்பட்டுத் தட்டையாகின்றன. தணிந்த ஓசைகளும் ஓங்கிவிடுவதால் சராசரி மின்சாரம் ஏறுகிறது, உயர் சுருதிச் சிதைவுகள் ட்வீட்டரின் மெல்லிய காயிலுக்குப் போய்ச் சேர்கின்றன. குரல் கரகரக்கத் தொடங்கியதும் வால்யூமைக் குறைத்தால் ட்வீட்டர் பிழைக்கும். எல்லாவற்றையும் போடும்போது ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில் போடுங்கள், அணைக்கும்போது அதை முதலில் அணையுங்கள். மின்சாரம் போனால் வால்யூமை இறக்கி வைத்துவிடுங்கள்.

பராமரிப்பில் நம் முதல் எதிரி ஈரம். பெட்டிகள் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்தவை. தரை துடைக்கும் தண்ணீர் அடிப்பகுதியில் ஏறினால் பலகை ஊதி உதிரும், அதனால் தரையில் நேரடியாக வைக்காமல் ரப்பர் கட்டையாவது கொடுங்கள். கடலோர ஊர்களில் செம்பு முனைகள் பச்சை பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கறுத்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக மாட்டுங்கள். பேஸ் துளைக்குள் பல்லியும் கரப்பானும் குடியேறாமல் இருக்க மெல்லிய வலை போதும். கோனைத் துடைக்க உலர்ந்த மென்மையான பிரஷ் மட்டும். ஈரத்துணி வேண்டாம், ட்வீட்டர் குமிழைத் தொடவே வேண்டாம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதாக இருந்தால் பெட்டியின் பக்கத்தில் வையுங்கள்.

கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருந்தால் பல பத்தாண்டு தாங்கும். ஃபோமாக இருந்தால் காற்றின் ஈரமே அதன் வேதிப் பிணைப்புகளை அறுத்துவிடும். பத்து, பதினைந்து, இருபது ஆண்டில் விரல் பட்டாலே பொடியாகும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இது நடக்கும். அதற்காக ஸ்பீக்கரை எடைக்குப் போடாதீர்கள். காந்தமும் காயிலும் நன்றாகவே இருக்கும். கோனின் இருபுறமும் விரல்களை வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் இல்லையென்றால் விளிம்பை மட்டும் மாற்றினால் போதும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விசாரித்தால் அளவுக்கேற்ற விளிம்பும், அதை நடு பிசகாமல் ஒட்டித் தரும் கைகளும் கிடைக்கும். ஒன்று கிழிந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். புது விளிம்பின் விறைப்பு பழையதோடு ஒத்துப்போகாது, இரண்டு பக்கப் பேஸும் வேறு வேறாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் அந்த ஒற்றைத்தடப் பாட்டை மறுபடி போடுங்கள். பழுது பார்த்த இடத்தில் காயில் முனைகளை மாற்றிப் பற்றவைத்திருக்கவும் வாய்ப்புண்டு.